அத்தைக்கு எத்தனை செண்ட்?

சொத்துச் சட்டத்தில் ஓர் ஆய்வுக் கட்டுரை எழுதாமல் எங்கள் நான்காம் ஆண்டைத் தாண்ட முடியாது. வகுப்பில் பாதிப் பேர் நிலம் கையகப்படுத்தலை எடுத்துக்கொண்டார்கள் (தீர்ப்புகள் ஏராளம், வெட்டி ஒட்டிவிடலாம் என்ற நம்பிக்கை!). நான் எடுத்தது பூர்வீகச் சொத்தில் மகளின் பங்கு. "அதான் 2005-லேயே முடிஞ்சுபோச்சேடா, புதுசா என்ன எழுதப் போற?" என்றான் நண்பன். முடியவில்லை நண்பர்களே. எங்கள் வீட்டு நிலத்தையே கணக்காகப் போட்டுப் பார்த்தபோதுதான் எனக்கு அது தெரிந்தது.

பங்காளி என்ற சொல்லிலிருந்து தொடங்குகிறேன். எங்கள் ஊரில் பெரியப்பா பங்காளி, அவர் மகன் பங்காளி. அத்தையை யாரும் அப்படிச் சொன்னதில்லை. 1956-ஆம் ஆண்டு இந்து வாரிசுரிமைச் சட்டமும் ஏறக்குறைய எங்கள் ஊர்க்காரர்கள் மாதிரிதான் பேசியது: கூட்டுக் குடும்பச் சொத்தில் பிறப்பாலேயே உரிமை ஆண்களுக்கு மட்டும். ஆந்திரம் 1985-இல் இதை மாற்றியது. தமிழ்நாட்டில் 1989 மார்ச் 25 முதல் மகளும் பங்காளி ஆனாள். ஆனால் அந்தத் தேதிக்கு முன்பே கல்யாணமான மகளுக்கு இது கிடையாது.

இப்போது கணக்கு. தாத்தா வழி நிலம் 4 ஏக்கர். பெரியப்பா, அப்பா, இரண்டு அத்தைகள். பெரிய அத்தை கல்யாணம் 1984, சின்ன அத்தை 1991. பாட்டி முன்பே போய்விட்டார். தாத்தா 1998-இல் உயில் எழுதாமல் இறந்தார். 1989 திருத்தமே வராமல் இருந்திருந்தால், தாத்தாவுக்கும் இரண்டு மகன்களுக்கும் மூன்றில் ஒன்று. தாத்தாவின் பங்கை நான்கு பிள்ளைகளும் பிரித்துக்கொள்ள வேண்டும். பெரிய அத்தைக்கு 33 செண்ட் சொச்சம். திருத்தம் வந்ததால் சின்ன அத்தையும் பங்காளி. தாத்தாவின் பங்கு நான்கில் ஒன்றாகச் சுருங்குகிறது. அதை நான்காகப் பிரித்தால் பெரிய அத்தைக்கு 25 செண்ட்! சின்ன அத்தைக்கோ அண்ணன்களுக்குச் சமமாக 1 ஏக்கர் 25 செண்ட். பெண்களுக்காக வந்த சட்டம் ஒரு பெண்ணின் கையிலிருந்து 8 செண்ட்டை எடுத்துவிட்டது. மூன்று முறை கூட்டிப் பார்த்தேன், சரியாகத்தான் இருக்கிறது.

2005 செப்டம்பர் 9 முதல் மத்திய அரசின் திருத்தம் வந்து, கல்யாணம் ஆனவள் ஆகாதவள் என்ற பாகுபாடு போயிற்று. ஆனால் அன்று அப்பா உயிரோடு இருந்திருக்க வேண்டுமா? ஆம் என்றது உச்ச நீதிமன்றம், 2015-இல், பிரகாஷ் எதிர் புலாவதி வழக்கில். 2018-இல் தனம்மா வழக்கில் அப்பா 2001-லேயே இறந்திருந்தும் மகள்களுக்குச் சம பங்கு கொடுத்தது. இரண்டுமே இரு நீதிபதி அமர்வுகள். 2020 ஆகஸ்ட் 11-இல் வினீதா சர்மா வழக்கில் மூன்று நீதிபதிகள் உட்கார்ந்து, உரிமை பிறப்பால் வருவது, அப்பா உயிரோடு இருந்தாரா என்பது முக்கியமில்லை என்று முடித்துவைத்தார்கள். ஆக, பெரிய அத்தை 2016-இல் கேட்டிருந்தால் ஒரு பதில், 2021-இல் கேட்டிருந்தால் வேறு பதில். இன்றைய கணக்குப்படி அவருக்கு முழுசாக 1 ஏக்கர்.

சிக்கல் இனிமேல்தான். 1999-இல் பெரியப்பாவும் அப்பாவும் ஆளுக்கு 2 ஏக்கர் என்று கூர்சீட்டு எழுதிக்கொண்டார்கள். பதிவு செய்யவில்லை. 2004 டிசம்பர் 20-க்கு முன் நடந்த பாகப்பிரிவினை செல்லும். ஆனால் அது பதிவான பத்திரமாகவோ நீதிமன்றத் தீர்ப்பாகவோ இருக்க வேண்டும். வாய்மொழிப் பிரிவினையை, அரசு ஆவணங்கள் உறுதியாகத் துணை நின்றால் மட்டும், விதிவிலக்காக ஏற்கலாம் என்கிறது வினீதா சர்மா தீர்ப்பு. பட்டா 2001-இல் தனித்தனியாக மாறியிருக்கிறது. பட்டா மட்டும் போதுமா? என் கட்டுரையின் நான்காவது அத்தியாயம் முழுக்க இதுதான். போதாது என்றுதான் எழுதியிருக்கிறேன். அப்படியானால் அப்பாவின் 2 ஏக்கர் 1 ஏக்கர் ஆகிவிடும். என் கல்லூரிக் கட்டணம் அந்த நிலத்து மஞ்சளில் கட்டியது.

"ஆய்வுக் கட்டுரையில் அத்தை எல்லாம் வரக்கூடாது" என்று வழிகாட்டி சிவப்பு மையில் அடித்துவிட்டார். இப்போது அவர் 'மகள் அ'. அந்தப் பக்கத்தை அப்பாவிடம் காட்டினேன். நிதானமாகப் படித்துவிட்டு, "84-ல போட்ட நகை, செஞ்ச சீரெல்லாம் இதுல எங்க வருது?" என்றார். எங்கேயும் வரவில்லை. 6-ஆவது பிரிவில் சீரைப் பற்றி ஒரு சொல்லும் கிடையாது. ஆனால் எங்கள் ஊரில் பத்து அண்ணன்களைக் கேட்டால் பத்துப் பேரும் முதலில் சொல்லும் வாதம் அதுதான். அதற்கு ஒரு அத்தியாயமாவது வேண்டாமா?

வார்த்தை வரம்பு 6,000. ஏற்கெனவே 5,700 ஆகிவிட்டது. சீரை அடிக்குறிப்பில்தான் வைக்க வேண்டியிருக்கும். பெரிய அத்தை போன வாரம் போனில், "என்னப்பா எழுதிக்கிட்டு இருக்க?" என்று கேட்டார். அச்செடுத்து வருகிற ஞாயிற்றுக்கிழமை கொண்டுவருகிறேன் என்று சொல்லியிருக்கிறேன். அப்பாவிடமும் சொல்லிவிட்டேன். "கண்ணாடிய மறக்காம எடுத்து வச்சுக்கச் சொல்லு, எழுத்து பொடிசா இருக்கு" என்றார்.