விரலுக்குத் தெரிவதும் ரத்தத்தில் தெரிவதும்

மூட்டு வலி என்று வருபவருக்கு நோய் மூட்டிலேயே இருக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. தசைநாண், அதன் உறை, நரம்பு, சில சமயம் வேறொரு மூட்டுகூட அந்த வலிக்குக் காரணமாகலாம். முழங்கால் வலிக்கிறது என்று நொண்டிக்கொண்டு வரும் பன்னிரண்டு வயதுப் பையனுக்குக் கோளாறு இடுப்பு மூட்டில் இருப்பதுண்டு. முழங்காலை மட்டும் எக்ஸ்ரே எடுத்து அனுப்பிவிட்டால், தொடையெலும்பின் தலை நழுவிக்கொண்டிருப்பது தெரியாமலே போகும். நோயாளி தானாக அசைக்கும்போது வலித்து, மருத்துவர் பிடித்து அசைக்கும்போது ஏறக்குறைய முழுதும் அசைந்தால் தசைநாணைச் சந்தேகிக்கலாம். இரண்டு விதத்திலும், எல்லாத் திசையிலும் தடைபட்டால் கோளாறு மூட்டுக்குள் இருக்கிறது.

அடுத்த கேள்வி, அது அழற்சியா தேய்மானமா என்பது. தேய்மானத்தில் காலை விறைப்பு பெரும்பாலும் அரை மணி நேரத்துக்குள் விட்டுவிடும். நடக்க நடக்க வலி கூடும். அழற்சியில் விறைப்பு ஒரு மணி நேரத்தையும் தாண்டும். அசைய அசையக் குறையும். ஆனால் “எத்தனை நிமிடம் விறைப்பு?” என்று கேட்டால் யாருக்கும் பதில் சொல்லத் தெரியாது. எத்தனை மணிக்கு எழுந்தீர்கள், எப்போது கை இளகியது, காபி டம்ளரை ஒரு கையால் தூக்க முடிந்ததா, ஜாக்கெட் கொக்கியை மாட்ட யாராவது உதவினார்களா என்று கேட்டால் உண்மையான கணக்கு கிடைக்கும். இதற்கு முன் வலிக்கு என்ன மாத்திரை எடுத்தார் என்பதையும் பொட்டலத்தோடு வாங்கிப் பார்க்க வேண்டும். ஸ்டீராய்டு கலந்திருந்தால் வீக்கம் வடிந்து, மூட்டு சாதுவாகத் தெரியும்.

பிறகு கை. முடக்குவாதத்தைக் கண்டுபிடிக்கும் இடம் பெரும்பாலும் இதுதான் என்பதால், மருத்துவ மாணவர் எந்தப் பரிசோதனையைவிடவும் இதில் அதிக நேரம் செலவிடுவது தகும். முதலில் விரல்களை மடக்கச் சொல்ல வேண்டும். நலமான கையில் முஷ்டியின் மேல் கணுக்களும் அவற்றுக்கிடையே பள்ளங்களும் தெரியும். வீங்கிய கையில் பள்ளங்கள் நிரம்பியிருக்கும், விரல்நுனி உள்ளங்கையைத் தொடாது. நடுக்கணுவைப் பரிசோதிக்க, ஒரு கையின் கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் பக்கவாட்டில் அழுத்த, மற்றக் கையின் இரு விரல்கள் மேலும் கீழும் தாங்கியிருக்க வேண்டும். உறைச்சவ்வு தடித்து நீர் சேர்ந்திருந்தால், பழுத்த திராட்சையை அமுக்கியதுபோல் ஒரு மென்மை மேலுள்ள விரலுக்கு நகர்ந்து வரும். தேய்மானத்தில் விரலுக்குத் தட்டுப்படுவது எலும்பின் கடினம்தான். அழுத்தும் விரலின் நகம் வெளுக்கும் அளவுக்கு அழுத்தினால் போதும். அதற்குமேல் அழுத்தினால் எந்த மூட்டும் வலிக்கும்.

எந்தெந்த மூட்டு என்பதற்குப் பொருள் உண்டு. முடக்குவாதம் மணிக்கட்டையும், விரலின் அடிக்கணுவையும் நடுக்கணுவையும் இரு கையிலும் பிடிக்கும். நுனிக்கணுவைப் பொதுவாக விட்டுவைக்கும். நுனிக்கணுவில் கடினமான முடிச்சு இருந்தால் தேய்மானம். வீக்கம் இருந்தால் நகத்தில் ஊசி குத்தியதுபோன்ற குழிகளைத் தேடி, தலைமுடிக்குள்ளும் தொப்புளிலும் சொரியாசிஸ் திட்டைத் தேட வேண்டும். தமிழ்நாட்டில் இன்னொன்றையும் கேட்காமல் விடக் கூடாது: வலி காய்ச்சலோடு தொடங்கியதா? வைரஸால் வரும் மூட்டழற்சி பெரும்பாலும் ஆறு வாரத்துக்குள் அடங்கிவிடும். சிக்குன்குனியா மட்டும் மாதக்கணக்கில் நீடித்து, முடக்குவாதத்தைப் போலவே காட்சி தரும்.

ஒரே ஒரு மூட்டு திடீரென்று சூடாகச் சிவந்து வீங்கினால் மேற்சொன்ன நிதானத்துக்கு இடமில்லை. சீழ் என்றே கருதி, அன்றைக்கே ஊசியால் நீர் எடுக்க வேண்டும். ரத்தத்தில் யூரிக் அமிலம் கூடுதலாக இருப்பதால் மட்டும், அது யூரிக் அமிலப் படிகத்தால் வரும் கௌட் என்று உறுதியாகாது. கௌட் தாக்கும் நேரத்திலேயே ரத்தத்தில் அந்த அளவு இயல்பாக இருப்பதும் உண்டு. மூட்டு நீரில் உள்ள ஊசி வடிவப் படிகங்களைத் தளவிளைவு ஒளி நுண்ணோக்கியில் கண்டறியும் முறையை மெக்கார்ட்டியும் ஹாலண்டரும் 1961இல் வெளியிட்டார்கள். இன்றும் அதுவே தீர்ப்பு. படிகம் தெரிந்தாலும் கிருமிச் சோதனையை விட்டுவிடக் கூடாது. இரண்டும் ஒரே மூட்டில் இருக்க முடியும்.

“கை காலில் பலமே இல்லை, டாக்டர்” என்பவர் வலியால் அசைக்க அஞ்சுகிறாரா, சோர்ந்திருக்கிறாரா, தசையே வலுவிழந்துவிட்டதா என்று பிரிக்க வேண்டும். தரையில் உட்கார்ந்து எழுந்திருக்க முடியவில்லை, தலை சீவக் கை தூக்க முடியவில்லை என்றால் உடலை ஒட்டிய தசைகளில் நோய். செருப்பு கழன்று விழுகிறது, சட்டைப் பொத்தான் போட முடியவில்லை என்றால் நரம்பை நினைக்க வேண்டும். காலையில் நன்றாக இருந்து, மாலையில் இமை தொங்கி, உருவம் இரண்டாகத் தெரிந்தால் நரம்பும் தசையும் சேரும் இடத்தில் கோளாறு. ஒரு நிமிடம் மேலே பார்த்தபடி இருக்கச் சொன்னாலே இமை இறங்குவதைக் காணலாம். கீழிருந்து மேலாகப் பலவீனம் ஏறி, அனிச்சைத் துடிப்புகள் மறைந்தால் கியான்-பாரே நோய்; மூச்சு எவ்வளவு தாங்குகிறது என்பதை உடனே அளக்க வேண்டும். தசைநோயில் தசை நொதியான சி.பி.கே. மட்டுமன்றி, கல்லீரலுக்காகப் பார்க்கும் எஸ்.ஜி.ஓ.டி.யும் எஸ்.ஜி.பி.டி.யும் உயரும். தரையிலிருந்து எழும்போது தொடையைக் கையால் பற்றி ஏறும் குழந்தைக்கு, மாதக்கணக்கில் கல்லீரல் நோயைத் தேடுவது இதை மறப்பதால்தான்.

ரத்தப் பரிசோதனையைக் கடைசியில் வைத்ததற்குக் காரணம் உண்டு. ஆர்.ஏ. ஃபேக்டர் காசநோயிலும், ஹெபடைடிஸ் சியிலும், நலமான முதியவர்களிடமும் தென்படும். முடக்குவாதம் உள்ளவர் சிலரிடம் இராது. ஆன்டி-சி.சி.பி. அதைவிட நம்பகமானது. ஏ.என்.ஏ. 1:40 நீர்த்தலில் நலமானவர்களில் ஏறத்தாழ நான்கில் ஒருவருக்காவது பாசிட்டிவ் ஆகும். வெறும் உடல்வலிக்கு அதை எழுதிக்கொடுத்து, வந்த தாளைப் பார்த்து லூபஸ் என்று ஓர் இளம்பெண்ணின் தலையில் ஏற்றுவது பெரிய அநியாயம். மறுபுறம், உண்மையிலேயே லூபஸ் சந்தேகம் உள்ளவரிடம் மூட்டைவிடச் சிறுநீரகம் முக்கியம். அது வலிக்காமல் கெடும். சிறுநீரில் புரதமும் ரத்த அணுக்களும் உண்டா, ரத்த அழுத்தம் எவ்வளவு என்று பார்க்க அதிகச் செலவும் இல்லை.

எல்லாம் பார்த்த பின்னும் சிலரது நோய்க்குப் பெயர் வைக்க முடியாது. 2010இல் வந்த முடக்குவாத அளவுகோலில் பத்துக்கு ஆறு மதிப்பெண் வேண்டும். அது ஆய்வுக்கு நோயாளிகளை வகைப்படுத்த வகுத்தது; ஐந்து பெற்றவருக்கு நோய் இல்லை என்று அதற்குப் பொருளில்லை. அப்படிப்பட்டவரின் சீட்டில், வீங்கிய மூட்டுகளையும் வலிக்கும் மூட்டுகளையும் தனித்தனியே படத்தில் குறித்து, தேதியிட்டு, சில வாரத்தில் மீண்டும் வரச் சொல்ல வேண்டும். அப்போது அதே மூட்டுகளை அதே முறையில் தொட்டுப் பார்த்து, பழைய படத்தோடு ஒப்பிட வேண்டும்.