செவிக்கொரு தேர்வு

கல்வி என்று சொன்னவுடன் நம் மனக்கண்முன் வந்து நிற்பது புத்தகந்தான். ஆனால் திருக்குறளில் கல்வி, கல்லாமை என்னும் இரண்டு அதிகாரங்களை அடுத்து உடனே வருவது கேள்வி என்னும் அதிகாரம். கேள்வி என்ற சொல்லுக்குத் தமிழில் இரண்டு பொருள் உண்டு. வினா என்பது ஒன்று. செவியால் கேட்டறிதல் என்பது மற்றொன்று. மேல்நிலை வகுப்புகளில் ஆங்கிலம் கற்பித்த நான், முதற்பொருளைப் பற்றிக்கொண்டு இரண்டாவதைப் பல ஆண்டுகள் மறந்திருந்தேன். அந்த மறதியால் ஒரு மாணவனுடைய படிப்பே நின்றுபோக இருந்தது. அதைச் சொல்வதற்காகவே இக்கட்டுரை.

கடலோர ஊர் ஒன்றிலே எங்கள் பள்ளி இருந்தது. மாணவர்களுள் பெரும்பாலோர் நம் சமுதாயத்துப் பிள்ளைகள். தந்தையர் பலர் சபுராளிகள். மலேசியாவிலோ வளைகுடாவிலோ பொருள் தேடச் சென்றவர்கள். ஆகவே ஆங்கிலம் என்றால் பெற்றோருக்குத் தனி மரியாதை. தமிழகத்தில் மேல்நிலைக் கல்வி 1978ஆம் ஆண்டில் தொடங்கியது. அந்நாளைய பொதுத்தேர்வில் ஆங்கிலத்துக்கு இரண்டு தாள்கள், 200 மதிப்பெண்கள். இரண்டும் எழுத்துத் தேர்வுகள். செவிக்கு அங்கே வேலையில்லை.

1994ஆம் ஆண்டு என்று நினைவு. ஆங்கிலத்தில் நல்ல மதிப்பெண் பெற்று வெளியேறிய பழைய மாணவன் ஒருவன் சென்னையில் ஒரு வேலைக்கு நேர்முகத் தேர்வுக்குச் சென்று திரும்பியிருந்தான். முகம் வாடியிருந்தது. காரணம் கேட்டேன்.

"சார், வாப்பா என்ன தொழில் செய்கிறார் என்று ஆங்கிலத்திலே கேட்டார்கள். வாப்பா எப்படி இருக்கிறார் என்று கேட்பதாக நினைத்து, சுகமாக இருக்கிறார் என்று சொன்னேன். எல்லோரும் சிரித்துவிட்டார்கள்" என்றான்.

நானும் சிரிக்க வாயெடுத்தேன். அவன் கண்களைப் பார்த்ததும் அடக்கிக்கொண்டேன்.

"அதே கேள்வியை எழுதிக் காட்டியிருந்தால் தெரிந்திருக்குமா?" என்று கேட்டேன்.

"அது ஆறாம் வகுப்புப் பாடம் சார்" என்றான் அவன்.

அன்றிரவு எனக்கு உறக்கம் வரவில்லை. எழுதினால் ஆறாம் வகுப்புப் பாடமாக இருப்பது, பேசினால் பன்னிரண்டாம் வகுப்பைக் கடந்தவனுக்கும் விளங்காமற்போவது ஏன்? எழுத்தில் சொல்லுக்கும் சொல்லுக்கும் இடையே வெளி உண்டு; பேச்சிலே அவ்வெளி இல்லை. ஆங்கிலேயன் பேசும்போது சிறு சொற்களை விழுங்குகிறான். ஒரு சொல்லின் கடைசி ஓசையை அடுத்த சொல்லின் தலையிலே கட்டிவிடுகிறான். கத்தியைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லின் முதலெழுத்து வாயில் வருவதேயில்லை. கண்ணுக்குப் பழகிய சொல் செவிக்கு அந்நியமாக நிற்கிறது. மேலும், விளங்காத பக்கத்தைத் திருப்பி இன்னொரு முறை படிக்கலாம். பேச்சைத் திருப்ப இயலாது. அது காற்றோடு போய்விடுகிறது.

ஆதலால் என் மாணவர்களின் செவியைச் சோதிப்பது என்று தீர்மானித்தேன். பாடநூலில் இல்லாத ஒரு பகுதியை எடுத்து நானே உரக்கப் படித்தேன். பிறகு பத்து வினாக்கள் கொடுத்தேன். பிள்ளைகள் நன்றாகவே எழுதினார்கள். என் கவலை வீண் என்று மகிழ்ந்துபோனேன்.

அடுத்த வாரம் வானொலியின் ஆங்கிலச் செய்தியைக் கேசட்டில் பதிவு செய்து, டேப் ரிக்கார்டரை மேசைமீது வைத்து ஒலிக்கச் செய்தேன். பாதிப்பேர் வெறுந்தாளையே நீட்டினார்கள். முதல் வாரம் நான் சோதித்தது ஆங்கிலத்தை அன்று, என்னுடைய குரலை! நான் எவ்விடத்தில் நிறுத்துவேன், எச்சொல்லை எப்படி உச்சரிப்பேன் என்பதெல்லாம் அவர்களுக்குப் பழக்கம். என் ஆங்கிலம் அவர்களுக்கு விளங்கியது. உலகத்தின் ஆங்கிலம் விளங்கவில்லை.

இந்த உண்மையை உணர்ந்தவன் அதோடு நின்றிருக்கலாம். ஆனால் ஆசிரியனுக்கு மதிப்பெண் பட்டியல் கைக்கு வந்துவிட்டால், அதைக்கொண்டு பிள்ளைகளைத் தரம் பிரிக்காமல் இருக்க முடிவதில்லை. மாதந்தோறும் கேசட் தேர்வு நடத்தினேன். மூன்று தேர்வுகளிலும் ஒரே மாணவன் அடிமட்டத்தில் இருந்தான். கடைசிப் பெஞ்சில் உட்கார்ந்திருப்பவன், அதிகம் பேசாதவன். "உனக்கு ஆங்கிலம் ஏறாது" என்று வகுப்பிலேயே சொன்னேன். அத்தோடும் விடவில்லை. அவனுடைய உம்மா மகனின் படிப்பைப் பற்றி விசாரித்து ஆளனுப்பியபோது, "இவன் மேலே படித்துப் பயனில்லை" என்று சொல்லியனுப்பினேன்.

ஒருநாள் மாலை, அம்மூன்று தேர்வுகளின் மதிப்பெண்களையும் பெயர்வரிசையில் எழுதாமல், என்ன தோன்றியதோ, பெஞ்சுவாரியாக எழுதிப் பார்த்தேன். என் கை நடுங்கியது. முதல் இரண்டு பெஞ்சுகளில் உயர்ந்த மதிப்பெண்கள், நடுவில் நடுத்தரம், கடைசிப் பெஞ்சுகளில் ஏறக்குறைய ஒன்றுமில்லை. ஆங்கிலம் தெரிந்தவர்களெல்லாம் முன்னாலும் தெரியாதவர்களெல்லாம் பின்னாலும் உட்கார்ந்திருக்கிறார்கள் என்பது நம்பத்தக்கதா? பின்வரிசையில் போய் உட்கார்ந்து, கேசட்டை ஓடவிடச் சொல்லிக் கேட்டேன். தலைக்கு மேலே மின்விசிறி கடகடத்தது. சன்னலுக்கு வெளியே பேருந்துகள் ஒலியெழுப்பிச் சென்றன. அந்தச் சிறிய ஒலிபெருக்கியின் குரல் எனக்கே இரண்டு சொற்களுக்கு ஒன்றாகத்தான் கேட்டது. ஆங்கில ஆசிரியனாகிய நான் அந்தத் தேர்வில் தோற்றேன்.

மறுவாரம் மின்விசிறிகளை நிறுத்தி, சன்னல்களை அடைத்து, வகுப்பை இரண்டு பிரிவாக்கி, பின்னிருந்தவர்களை முன்னே அமர்த்தித் தேர்வு வைத்தேன். அடிமட்டத்து மாணவன் முதல் ஐவரில் ஒருவனாக வந்தான்.

அன்று பள்ளி விட்டதும் அவன் வீட்டுக்கு நடந்தேன். தந்தை பினாங்கில் இருந்தார். உம்மா கதவுக்குப் பின்னால் நின்று பேசினார். பையனைச் சென்னையில் அவனுடைய மாமாவின் கடைக்கு அனுப்ப ஏற்பாடு ஆகிவிட்டது என்றும், அடுத்த வாரம் பயணம் என்றும் சொன்னார்.

"அம்மா, உங்கள் மகன்மீது குறையில்லை. நான் வைத்த தேர்வுதான் பிழை. நான் சொன்னதை மறந்துவிடுங்கள், அவன் படிக்கட்டும்" என்றேன்.

சிறிது நேரம் உள்ளிருந்து பேச்சில்லை. பிறகு, "நீங்கள் சொல்லியனுப்பிய ஒரே சொல்லுக்காகத்தான் சார் இந்த முடிவெடுத்தோம். வாத்தியார் சொன்னால் அது சரியாகத்தான் இருக்கும் என்று அவன் வாப்பாவுக்குக் கடிதங்கூடப் போட்டுவிட்டேன்" என்றார்.

அந்தச் சொற்களை நான் இன்றுவரை மறக்கவில்லை. தேர்வு என்பது எத்தனை பெரிய அதிகாரம் என்பதை எனக்கு உணர்த்தியவர் எந்தக் கல்வி நிபுணரும் அல்லர். கதவுக்குப் பின்னால் நின்ற அந்தத் தாய்தான்.

அதன்பின் இத்தேர்வைப் பிற நாடுகளில் எப்படி நடத்துகிறார்கள் என்று தேடிப் படிக்கலானேன். தென் கொரியாவில் மேல்நிலைப் பள்ளியை முடிப்பவர்கள் எழுதும் பல்கலைக்கழக நுழைவுத் தேர்வு 1993ஆம் ஆண்டில் தொடங்கியது. ஆங்கிலம் கேட்டறியும் பகுதி அதில் தொடக்கத்திலிருந்தே உண்டு. இப்போது ஆங்கிலத்துக்கு 70 நிமிடங்கள், 45 வினாக்கள். அவற்றுள் 17 செவிக்கு, 28 வாசிப்புக்கு. செவித் தேர்வையொட்டி ஏறக்குறைய 35 நிமிடங்களுக்கு நாடு முழுவதும் விமானங்கள் ஏறுவதும் இறங்குவதும் நிறுத்தப்படுகின்றன. வானில் இருப்பவை உயரத்திலேயே வட்டமிட்டுக் காத்திருக்கின்றன. இதைப் படித்தபோது எனக்கு நாணமாக இருந்தது. பிள்ளைகளின் செவிக்காக ஒரு நாடு தன் விமானங்களை நிறுத்துகிறது. நான் ஒரு மின்விசிறியை நிறுத்தவில்லை!

சப்பானில் பல்கலைக்கழக நுழைவுக்கான பொதுத் தேர்வில் 2006ஆம் ஆண்டு சனவரியில் செவித் தேர்வைச் சேர்த்தபோது, மாணவர் ஒவ்வொருவருக்கும் கையடக்கமான ஒலிக்கருவி ஒன்றையும் செவிப்பொறியையும் கொடுத்தார்கள். முன்வரிசை, பின்வரிசை என்ற பேதமே எழாது. 2021ஆம் ஆண்டில் அத்தேர்வு புது வடிவம் பெற்றபோது வாசிப்புக்கு 100, கேட்டலுக்கு 100 என்று சரிசமமாக வைத்தார்கள். நம் உறவினர் பலர் வாழும் மலேசியாவிலும், எஸ்.பி.எம். தேர்வின் ஆங்கிலத் தாள் 2021ஆம் ஆண்டுத் தேர்வு முதல் வாசித்தல், எழுதுதல், பேசுதல், கேட்டல் என நான்காகப் பிரிந்து, நான்கும் சம மதிப்புப் பெற்றுள்ளன. நம் நாட்டில் மத்திய வாரியப் பள்ளிகளில் கேட்டலும் பேசுதலும் பள்ளியளவிலான மதிப்பீட்டில் இடம்பெற்றுள்ளன.

கருவிகள் மட்டும் போதுமா என்றால், போதா. வினாத்தாளிலும் நேர்மை வேண்டும். நான் பட்டுத் தெரிந்துகொண்டவை இவை: செவித் தேர்வில் வினாக்கள் நீளமாக இருந்தால் அது வாசிப்புத் தேர்வாகிவிடும். விடையை முழு வாக்கியமாக எழுதச் சொன்னால் எழுத்துத் தேர்வாகிவிடும். ஒலிக்கத் தொடங்குமுன் வினாக்களைப் பார்க்க அவகாசம் தராவிட்டால் நினைவாற்றல் தேர்வாகிவிடும். பொது அறிவினாலேயே விடை சொல்லத்தக்க வினாக்களை வைத்தால் அது எதற்கும் தேர்வாகாது.

வாசிப்புத் தேர்வும் இந்தப் பழுதுகளுக்கு விலக்கன்று. ஒரு வாக்கியம் சொல்கிறேன்: 'நிலுவன் பசுக்கையை மொடுக்கினான்.' இது நானே கட்டிய பொருளற்ற வாக்கியம். இப்போது, 'நிலுவன் எதை மொடுக்கினான்?' என்று கேட்டால், 'பசுக்கையை' என்று எந்தப் பிள்ளையும் சொல்லிவிடும். முழு மதிப்பெண்ணும் கிடைத்துவிடும். பொருள் விளங்கியதா? விளங்க அதில் பொருளே இல்லையே! நம் ஆங்கில வினாக்களில் பல இந்த வகையைச் சேர்ந்தவை. வினாவில் உள்ள சொல்லைப் பத்தியில் தேடி, அந்த வரியை அப்படியே பெயர்த்தெழுதும் மாணவன் வாசிக்கத் தெரிந்தவனாகக் கருதப்படுகிறான். பாடநூலில் வந்த பத்தியையே தேர்விலும் கொடுத்தாலோ, அங்கே சோதிக்கப்படுவது மனப்பாடம். முன்பின் பாராத ஒரு பத்தியைக் கொடுத்து, 'இதை எழுதியவர் எதற்காகக் கவலைப்படுகிறார்?', 'இதன்பின் என்ன நேர்ந்திருக்கும்?' என்று கேட்டால்தான் வாசிப்பின் ஆழம் தெரியும்.

இவ்வேறுபாடு நம் குடும்பங்களுக்குப் புதிதன்று. மத்ரஸாவில் நம் பிள்ளைகள் அரபு எழுத்தைக் கற்று, பிழையின்றி ஓதுகிறார்கள். ஓதுவது ஒன்று, பொருள் விளங்குவது மற்றொன்று என்பதை உஸ்தாதும் அறிவார், பெற்றோரும் அறிவர். பொருள் வேண்டுமானால் அதற்கென்று தனியே பாடம் கேட்க வேண்டும் என்பதும் எல்லோருக்கும் தெரியும். ஆங்கிலத்தில்தான் பிள்ளை கடகடவென்று படிப்பதைக் கேட்டு, எல்லாம் விளங்கிவிட்டது என்று மகிழ்ந்துபோகிறோம்.

அந்த மாணவன் பின்னாளில் பெரும் பதவியில் அமர்ந்தான் என்று கதையை முடித்தால் உங்களுக்கு மகிழ்ச்சியாக இருக்கும். அப்படி நடக்கவில்லை. மேல்நிலையை முடித்தான், வணிகவியலில் பட்டம் பெற்றான், பிறகு அதே மாமாவின் கடைக்குத்தான் போனான். ஆனால் தன் விருப்பத்தால் போனான். ஓர் ஆசிரியனின் தவறான தீர்ப்பால் விரட்டப்பட்டுப் போகவில்லை. இந்த வேறுபாடு சிறியது என்று எனக்குத் தோன்றவில்லை.

பெற்றோர்களே, உங்கள் பிள்ளை ஆங்கிலத்தில் குறைந்த மதிப்பெண்ணோடு வீட்டுக்கு வந்தால் உடனே கடிந்துகொள்ளாதீர்கள். எந்தப் பகுதியில் குறைந்தது, படித்ததிலா கேட்டதிலா என்று விசாரியுங்கள். கேட்டதில் என்றால், தேர்வின்போது எந்தப் பெஞ்சில் உட்கார்ந்திருந்தாய் என்றும் கேளுங்கள். முன்பெஞ்சிலிருந்தும் கேட்கவில்லை என்றால், அவன் செவியை ஒரு மருத்துவரிடம் காட்டுங்கள். இவையெல்லாம் சரியாக இருந்தபிறகு, இன்னும் பயிற்சி வேண்டும் என்று சொல்லலாம். நாள்தோறும் பதினைந்து நிமிடம் ஆங்கிலச் செய்தியைக் கேட்கச் செய்து, கேட்டது என்ன என்று தமிழில் சொல்லச் சொல்லுங்கள். அதற்குச் செலவில்லை. நீங்களும் பக்கத்தில் அமர்ந்து, அவன் சொல்வதைக் காதுகொடுத்துக் கேட்கவேண்டும், அவ்வளவுதான்.