வரிசையில் நிற்கும் பெயர்கள்

நூலகம் என்றதும் நூல்கள் அடுக்கப்பெற்ற மண்டபமே மனக்கண்முன் தோன்றும். கணினித்துறையில் அச்சொல்லுக்கு வேறொரு பொருளும் உண்டு. பல நிரல்களுக்கும் பொதுவாக வேண்டப்படும் பணிகளை ஒருமுறை செவ்வனே எழுதி, வேண்டியபோது எடுத்தாளுமாறு தொகுத்து வைத்த களஞ்சியமே அது. அத்தகைய நூலகத்தை மூலநிரலிலிருந்து கட்டியெழுப்ப முனைபவன் தொழினுட்பத்தை மாத்திரமன்றித் தன் மொழியின் நிலையையும் அறிந்துகொள்கிறான்.

பதுளைப் பகுதித் தோட்டமொன்றின் லயத்தில் வளர்ந்து பல்கலைக்கழகம் புகுந்த மாணவன் ஒருவன், விடுமுறையில் தோட்ட வாசிகசாலைக்கு அங்கத்தவர் பட்டியல் ஒன்றைக் கணினியில் ஆக்கினான். அகரவரிசைப்படுத்துமாறு தன் நிரலைப் பணித்தபோது, கமலத்துக்கு முன்னே கனகம்மா நின்றாள். பழனிக்கு முன்னே பற்குணம் நின்றான். பட்டியலைப் பார்த்த முதியவர் ஒருவர், "என்ன தம்பி, அரிச்சுவடி படிச்ச பிள்ளைக்குத் தெரிஞ்சது இந்தப் பெட்டிக்குத் தெரியலியா?" என்றார்.

அவர் வினாவுக்கு விடை எளிது. யுனிக்கோட் முறையில் ஒவ்வொரு குறிக்கும் ஓர் எண் உண்டு. இந்திய எழுத்துக்களுக்குப் பொதுவாக வகுக்கப்பட்ட இஸ்கி முறையைத் தழுவி அவ்வெண்கள் அமைந்தமையால், தமிழ் நெடுங்கணக்கின் இறுதியில் நிற்கவேண்டிய னகரம் நகரத்தை அடுத்தும், றகரம் ரகரத்தை அடுத்தும் இடம்பெற்றன. 'பதுளை' என்னும் சொல் நமக்கு மூன்றெழுத்து. யுனிக்கோட்டில் 5 குறிகள். யூடிஎப்-8 முறையில் 15 பைட்டுகள். எண்ணை மட்டும் நோக்கும் பொறிக்கு எழுத்து இன்னதென்பது தெரியாது. அதனை அறிவிப்பதற்கே நூலகம் வேண்டப்படுகிறது.

ஐ.சி.யூ. எனச் சுருங்க வழங்கும் நூலகம் அப்பணிக்குரியது. ஐ.பி.எம். நிறுவனம் 1999இல் அதன் மூலநிரலைப் பொதுவில் வைத்தது; 2016இல் அது யுனிக்கோட் ஒன்றியத்தின் பொறுப்பில் வந்தது. மாணவன் அம்மூலநிரலைப் பெற்றுக் கட்டத் தொடங்கினான். முதற்படி, கணினியில் தொகுப்பி முதலிய கருவிகள் உளவோ எனச் சோதித்தல்; இரண்டாவது, மூலநிரலைப் பொறிமொழிக்கு மாற்றித் தொகுத்தல்; மூன்றாவது, உடன்வரும் சோதனைகளை ஓட்டிப் பார்த்தல்; இறுதியாக நிறுவுதல். அவற்றோடு வாசிகசாலைப் பெயர்களையும் ஒரு சோதனையாக அவன் சேர்த்தான். கமலமும் பழனியும் தத்தம் இடத்துக்கு வந்தனர்.

ஆயினும் அவன் சிந்தையைக் கிளறியது பிறிதொன்று. நூலகத்தின் பருமனைக் குறைக்க விரும்புவோர், எந்தெந்த மொழிகளின் தரவு வேண்டுமெனச் சிறு கோப்பொன்றில் எழுதிவைத்தாற் போதும். ஏனையவை கட்டும்போதே நீங்கிவிடும். 2019இல் வெளிவந்த 64ஆம் பதிப்பு இவ்வசதியை அளித்தது. உலகெங்கும் வழங்கும் நோட்.ஜேஎஸ் என்னும் நிரலாக்கத் தளமும், அதே ஆண்டு வெளியான 13ஆம் பதிப்புக்கு முன்னர், இயல்பான கட்டுமானத்தில் ஆங்கிலத் தரவை மாத்திரமே கொண்டிருந்தது. எவரும் தமிழை வெறுத்து விலக்கியதன்று. கட்டியவர்க்கு அது வேண்டியிருக்கவில்லை, அவ்வளவே.

ஊவாத் தோட்டங்களில் இது புதுமையானதன்று. பிரட்டுக்களத்தில் ஆள் கணக்கெடுத்துச் செக்ரோலில் ஆங்கில எழுத்தில் பெயர் பதிந்த காலத்தில், பழனியின் ழகரமும் வள்ளியின் ளகரமும் ஏட்டில் ஏறவில்லை. வள்ளியும் வல்லியும் ஒன்றாயினர். ஏட்டை வகுத்தவர்க்கு அவ்வேறுபாடு பொருட்டாகவில்லை. 1987ஆம் ஆண்டின் பதின்மூன்றாவது திருத்தம் தமிழையும் அரசகரும மொழியாக்கியது. எனினும் சட்டத்தில் இடம்பெற்ற மொழி கருவியிலும் இடம்பெற்றாலன்றிப் பட்டியலில் பெயர் சரிவர நில்லாது.

பிறர் கட்டித்தந்ததை எடுத்தாள்வது குற்றமன்று. அறிவு வளர்வதே அவ்வாறுதான். ஆனால் கட்டும் முறையை அறிந்தோர் நம்மிடையே சிலரேனும் இருத்தல் வேண்டும். 2005இல் நிறுவப்பட்ட ஊவா வெல்லஸ்ஸப் பல்கலைக்கழகம் பதுளையிலேயே அமைந்துள்ளது. மூலநிரலோ எவரும் பெறத்தக்கதாய்த் திறந்து கிடக்கிறது. எந்த மொழி இருக்கலாம், எது நீங்கலாம் எனத் தீர்மானிக்கும் அச்சிறு கோப்பை எழுதும் கைகளுள், கொழுந்து பறித்தவரின் பிள்ளைகளது கையும் ஒன்றாதல் வேண்டும்.