அந்தஸ்து

சென்ற ஆண்டு மே மாதக் கடைசியில் ஒருநாள் இரவு என் பள்ளித் தோழன் தொலைபேசியில் அழைத்து 40,000 ரூபாய் கடன் கேட்டான். மகளுக்குக் கல்லூரியில் இடம் கிடைத்திருக்கிறது, இரண்டு நாட்களுக்குள் கட்டவேண்டும், ஆவணிக்குள் திருப்பித் தந்துவிடுகிறேன் என்றான். அவன் சத்திரப்பட்டிக்காரன். ராஜபாளையத்தை அடுத்த அந்த ஊர் மருத்துவமனைகளுக்கான பேண்டேஜ் துணிக்குப் பெயர்பெற்றது. அவனும் வீட்டின் பின்கட்டில் நான்கு விசைத்தறிகள் போட்டு அதையேதான் நெய்கிறான். முப்பது ஆண்டுப் பழக்கத்தில் அவன் என்னிடம் பணம் என்று கேட்டது அதுவே முதல்முறை.

"கையில இல்லையே மாப்ளே" என்றேன்.

அது பொய்யில்லை. நான் வேலை பார்ப்பது ஒரு கல்லூரியின் சுயநிதிப் பிரிவில். கோடை விடுமுறைக்கு எங்களுக்குச் சம்பளம் கிடையாது. மே மாதத்தை மளிகைக் கடைக்காரரின் பெருந்தன்மையில்தான் கடக்கிறோம். ஆனால் அந்த உண்மைக்குப் பின்னால் ஒளிந்து நின்ற இன்னொன்றையும் சொல்லிவிட வேண்டும். நான்கு நாட்களுக்கு முன்புதான் அவனுடைய வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் மாலை சூட்டிய புது மோட்டார் சைக்கிள் ஒன்றைப் பார்த்திருந்தேன். அதற்கு முந்தைய வாரம், கொடைக்கானல் ஏரிக்கரையில் கம்பளித் தொப்பியோடு அவன். 'அதற்கெல்லாம் இருக்கிறது, இதற்கு மட்டும் இல்லையா' என்று மனம் ஒரு கணக்கைப் போட்டு முடித்து வைத்திருந்தது. பீரோவில் மனைவியின் சங்கிலி இருந்தது. கேட்டிருந்தால் கழற்றியதைப் போலவே எடுத்துத் தந்திருப்பாள். நான் கேட்கவில்லை.

"சரிடா, பரவால்ல. பாத்துக்கிறேன்" என்று வைத்துவிட்டான்.

ஸ்டேட்டஸ் என்ற சொல்லுக்கு நிலைமை என்றும் பொருளுண்டு, அந்தஸ்து என்றும் பொருளுண்டு. 2017இல் வாட்ஸ்அப் நிறுவனத்தார் இந்த 24 மணி நேரப் படக்காட்சியைக் கொண்டுவந்தபோது எந்தப் பொருளை நினைத்தார்களோ தெரியாது, நம்மவர்கள் தயங்காமல் இரண்டாவதை எடுத்துக்கொண்டார்கள். ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து ராஜபாளையத்துக்குப் பேருந்தில் அரைமணி நேரம். அந்த நேரத்தில் நான் ஏறக்குறைய இருநூறு பேருடைய செல்வநிலையை ஒரு பார்வை பார்த்துவிடுவேன். நகைக்கடைப் பையைக் கையில் பிடித்த மணிக்கட்டு, கிரகப்பிரவேசத்துப் பசு, காரின் ஸ்டீயரிங்கில் கைவைத்து எடுத்த படம். கடன் பத்திரத்தை யாரும் போடுவதில்லை. தவணை கட்டிய ரசீதையும் போடுவதில்லை.

ஆனால் கடன் வேறு உருவத்தில் வந்துகொண்டுதான் இருக்கிறது. அதைப் படிக்கப் பழக வேண்டும். 'பணம் முக்கியமில்லை, குணமே முக்கியம்' என்று சூரிய அஸ்தமனத்தின் மேல் எழுதியிருந்தால், எங்கள் தெருவைப் பொறுத்தவரை, மகளிர் குழுத் தவணைக்கு ஆள் வரும் நாள் நெருங்கிவிட்டது என்று பொருள். 'உதவி செய்தவனுக்கே துரோகம்' என்று சிங்கத்தின் முகத்தோடு வருவது கடன் கொடுத்தவருடையது. ஒரே ஒருவர் படிக்க வேண்டும் என்பதற்காக இருநூறு பேருக்கு அனுப்பப்படும் கடிதம் அது. அந்த ஒருவர் அன்று மாலைக்குள் 'காலம் பதில் சொல்லும்' என்று தன் பக்கத்தில் போட்டுவிடுவார். வக்கீல் நோட்டீஸுக்கும் பதில் நோட்டீஸுக்கும் இவ்வளவு வேகம் கிடையாது.

இந்தப் படங்களை நம்பிக் காசைக் கொட்டியவர்களும் உண்டு. 2024 ஜனவரியில் கோவையை அடுத்த நீலம்பூரில் ஆயிரக்கணக்கானோர் திரண்டதைத் தொலைக்காட்சியில் பார்த்திருப்பீர்கள். செல்பேசியில் விளம்பரம் பார்த்தால் வருமானம் என்று சொன்ன மைவி3 ஆட்ஸ் நிறுவனத்தின் மீது காவல்துறை வழக்குப் பதிந்தபோது, அதில் பணம் கட்டியவர்களே நிறுவனத்துக்கு ஆதரவாக வந்து நின்றார்கள். 'இன்று என் கணக்கில் வரவு' என்ற ஸ்க்ரீன்ஷாட்டை நானும் பார்த்திருக்கிறேன், என்னிடம் முதுகலை படித்த ஒரு மாணவி தினந்தோறும் போட்டுவந்தாள். ஆருத்ரா கோல்டு விவகாரத்தில் காவல்துறை சொன்ன தொகை 2,438 கோடி ரூபாய், ஏமாந்தவர்கள் சுமார் ஒரு லட்சம் பேர். அத்தனை பேரும் பேராசைக்காரர்கள் என்று சொல்லிவிட எனக்கு மனம் வரவில்லை. அடுத்தவரின் வரவு மட்டும் கண்ணில் பட்டுக்கொண்டிருக்கும் இடத்தில் அரைமணி நேரம் உட்கார்ந்திருந்தால் எனக்கே நெஞ்சு படபடக்கிறது.

என் தந்தை ராஜபாளையத்தில் ஒரு பஞ்சாலைத் தொழிலாளி. பி.ஏ.சி. ராமசாமி ராஜா 1936இல் ராஜபாளையம் மில்ஸைத் தொடங்கியதிலிருந்து சங்கு ஊதும் நேரத்தை வைத்து அடுப்பு மூட்டிய ஊர் அது. அப்பாவின் சம்பள நாள் தெருவுக்கே தெரியும். மளிகைக் கடையில் எங்கள் கணக்கு நோட்டு ஆணியில் தொங்கும், யார் வேண்டுமானாலும் புரட்டலாம். எங்கள் இல்லாமை அவ்வளவு வெளிப்படையாக இருந்தது. அக்காவின் திருமண மொய் நோட்டை இன்னும் வைத்திருக்கிறேன். ரூ.11, ரூ.21, ஒரு பித்தளைக் குடம், நடுவே தாய்மாமன் எழுதிய ரூ.501. பெயரும் ஊரும் தொகையுமாக எழுதி, ஒலிபெருக்கியில் வாசித்தார்கள். நம்மவர்களுக்குப் பணத்தை ஊரறியச் சொல்வது புதிதொன்றும் இல்லை என்பதற்காகத்தான் இதைக் குறிப்பிடுகிறேன். அன்று ஒலிபெருக்கியில் கேட்டது, ஒருவர் இன்னொருவருக்குக் கொடுத்த தொகை.

ஊரறியப் பட்ட கடன் என்றால் எங்கள் ஊருக்கு ஆண்டாளைச் சொல்லாமல் முடியாது. திருமாலிருஞ்சோலை அழகருக்கு நூறு பாண்டம் வெண்ணெயும் நூறு பாண்டம் அக்காரவடிசிலும் படைப்பதாக நாச்சியார் திருமொழியில் நேர்ந்துகொள்கிறாள். அவள் செலுத்தியதாகச் செய்தியில்லை. சில நூற்றாண்டுகள் கழித்து ராமானுசர் அதைச் செலுத்திவிட்டு ஸ்ரீவில்லிபுத்தூர் வந்தார் என்றும், ஆண்டாள் அவரை 'அண்ணா' என்று எதிர்கொண்டாள் என்றும் வைணவ மரபு சொல்கிறது. தங்கை பாட்டில் சொன்ன கடனை அண்ணன் அடைத்தான். வகுப்பில் இதைச் சொல்லும்போதெல்லாம் பிள்ளைகள் சிரிப்பார்கள். வட்டி எவ்வளவு ஆகியிருக்கும் ஐயா என்று ஒருவன் கேட்டான்.

தோழனிடம் இல்லையென்று சொன்ன பிறகு ஒரு விஷயம் நடந்தது. அவனுடைய ஸ்டேட்டஸ் எதுவும் எனக்கு வரவில்லை. போடுவதை நிறுத்திவிட்டான் என்றே நினைத்தேன். மூன்று வாரம் கழித்து இன்னொரு நண்பர், "அவன் பொண்ணு காலேஜ்ல சேர்ந்துட்டா போல, போட்டிருந்தானே" என்றபோதுதான், என்னை மட்டும் மறைத்து வைத்திருக்கிறான் என்பது உறைத்தது. அன்று நடத்தவேண்டியிருந்தது திருக்குறள். நல்குரவு, இரவு, இரவச்சம் என்று 105, 106, 107ஆம் அதிகாரங்களை வள்ளுவர் அடுத்தடுத்து வைத்திருக்கிறார். வறுமை, கேட்டல், கேட்பதற்கு அஞ்சுதல். இருபது ஆண்டுகளாக இந்த வரிசையை முறைவைப்பு என்று தேர்வுக்காகச் சொல்லிக்கொடுத்து வந்திருக்கிறேன். அன்று இரவச்சத்தில் இரண்டு குறளுக்கு மேல் நடத்த முடியவில்லை. கேட்பவன் எதைத் தாண்டி வந்து கேட்கிறான் என்பது பாடத்தில் இருந்தது. என் வீட்டுத் தொலைபேசியில் இருந்ததை நான் கவனிக்கவில்லை.

ஆடிப்பூரத் தேரன்று மனைவி மகளோடு வந்திருந்தான். கூட்டத்தில் தப்பிக்க வழியில்லை, இருவருக்கும். அவர்கள் பால்கோவாக் கடை முன்னால் நின்றிருந்தார்கள். அவன் மனைவியின் கழுத்தில் மஞ்சள் கயிறு மட்டும் கிடந்தது.

"மாமா, நீங்க வாங்கிப் போட்டீங்களே, அத்தனை புக்கு. அதுல எனக்கு ரெண்டு தருவீங்களா?" என்றாள் பெண்.

எனக்கு உடனே விளங்கவில்லை. மதுரைப் புத்தகக் கண்காட்சியில் எடுத்த படத்தைச் சொல்கிறாள். 31 புத்தகங்களைக் கட்டில் மேல் அடுக்கி, 'இந்த ஆண்டு அறுவடை' என்று போட்டிருந்தேன். அவற்றுள் 22 கல்லூரி நூலகத்துக்காக வாங்கியவை. பணம் அவர்களுடையது, பில்லும் அவர்கள் பெயரில். அதை நான் எழுதவில்லை.

"அதப் பாத்துத்தான்டா ஒன்கிட்ட கேட்டேன். புஸ்தகத்துக்கே பத்தாயிரம் செலவழிக்கிறவன்கிட்ட இருக்கும்னு நெனச்சேன்" என்றான் அவன், கோபமே இல்லாத குரலில்.

"அந்தப் புது வண்டி?"

"மச்சினனோடது. பூசை போட்டப்ப நான்தான் பக்கத்துல நின்னேன். கொடைக்கானலுக்கு நூல் யாவாரி வேன் வச்சுக் கூட்டிட்டுப் போனாரு. அவர்கிட்ட நூல் எடுக்கிறவங்க பூராம் போனோம்."

அடுத்த ஞாயிற்றுக்கிழமை, எனக்குச் சொந்தமான ஒன்பதில் மூன்றை எடுத்துக்கொண்டு சத்திரப்பட்டிக்குப் போனேன். தறிச் சத்தத்தில் பேச முடியாமல் வாசல் திண்ணைக்கு வந்தோம். சங்கிலியை எவ்வளவுக்கு வைத்தான், மாதம் வட்டி எவ்வளவு, ஒரு தறிக்கு நாளைக்கு என்ன மிஞ்சும் என்று ஒவ்வொன்றாகச் சொன்னான். மாதம் 2,000 அனுப்புகிறேன், மீட்கிற வரை, என்றேன். வேண்டாம் என்றான், பிறகு பார்ப்போம் என்றான். பின்னர் நான் என் சம்பளம் என்னவென்று சொன்னேன். முப்பது ஆண்டுகளில் அந்த எண்ணை அவனிடம் சொன்னதில்லை.

"மாசத்துக்கா?"

"மாசத்துக்குத்தான். அதுவும் பதினோரு மாசம்."

கொஞ்ச நேரம் என்னையே பார்த்துக்கொண்டிருந்தான். பின்பு குரலைத் தாழ்த்தி, "உள்ள வந்து இதச் சொல்லிராத மாப்ளே. அவ படிச்சிட்டு ஒன்னைய மாதிரி காலேஜ் வாத்தியாராகப் போறேன்னு சொல்லிட்டுத் திரியுறா" என்றான்.