செந்தூலில் பாரசீகப் பூனை: வாங்கும் முன் ஒரு நடை போய் வாருங்கள்

செந்தூல் என்றதும் நம் பெரியவர்களுக்கு முதலில் நினைவுக்கு வருவது ரயில் பட்டறைதான். செந்தூல் என்பது ஒரு பழமரத்தின் மலாய்ப் பெயர். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இங்கே பட்டறை எழுந்தது. தமிழகத்திலிருந்தும் யாழ்ப்பாணத்திலிருந்தும் வந்தவர்கள் பலர் இதையே நம்பிக் குடும்பம் நடத்தினார்கள். 1945-இல் விமானங்கள் குண்டு வீசிப் பட்டறையைத் தகர்த்தன. போருக்குப் பின் மறுபடியும் கட்டினார்கள். இன்று பட்டறை வேலை இங்கே இல்லை. பழைய ரயில்வே கட்டடம் ஒன்றில் 2005 முதல் கலை அரங்கம் நடக்கிறது. சுற்றிலும் அடுக்குமாடி வீடுகள் வானத்தைத் தொடுகின்றன.

தோட்டங்கள் துண்டாடப்பட்ட பிறகு நம்மவர் பலர் இப்படிப்பட்ட வீடுகளில்தான் குடியேறினார்கள். ஆகவே உங்களுக்கும் இந்தப் பக்கம் ஓர் அக்காளோ மாமாவோ இருக்கக்கூடும். பத்துமலைக்குப் போகும் கொமுட்டர் ரயில் செந்தூலில் நிற்கும். இறங்கிக் கடைத்தெரு வழியாக நடந்து பாருங்கள். பூக்கடை, மளிகைக் கடை, சாப்பாட்டுக் கடை என்று பார்த்துக்கொண்டே போகும்போது, பிராணிகள் விற்கும் கடையின் கண்ணாடிக் கூண்டுக்குள் பஞ்சுப் பொதி போல ஒன்று உட்கார்ந்திருக்கும். வட்ட முகம், சப்பை மூக்கு, தரையைத் தொடும் ரோமம். அதுதான் பாரசீகப் பூனை. உங்கள் பிள்ளை கையைப் பிடித்து இழுக்கும். "அப்பா, இது வேண்டும்!" என்று அங்கேயே நின்றுவிடும்.

அந்த நேரத்தில் பணப்பையைத் திறக்காதீர்கள். முதலில் பூனையைத் தெரிந்துகொள்ளுங்கள்.

பாரசீகப் பூனை என்று பெயர் இருந்தாலும் இன்றைய பூனை முழுக்கப் பாரசீகத்தில் உருவானதல்ல. நீள ரோமப் பூனைகளை ஈரானில் கண்டு பதினேழாம் நூற்றாண்டில் எழுதிவைத்தவர் இத்தாலியப் பயணி பியட்ரோ டெல்லா வாலே. பிறகு ஐரோப்பியர் அவ்வகைப் பூனைகளைத் தேர்ந்தெடுத்துப் பெருக்கினார்கள். 1871-இல் லண்டன் படிக மாளிகையில் ஹாரிசன் வேய்ர் நடத்திய பெரிய பூனைக் கண்காட்சிக்குப் பின் இந்த மோகம் பரவியது. மரபணுவை ஆராய்ந்தவர்கள், இன்றைய பாரசீகப் பூனை ஐரோப்பியப் பூனைகளுக்கே நெருங்கிய உறவு என்கிறார்கள். ஆக, இது குளிர்நாட்டு மனிதர் தம் வீட்டுக்குள் வைத்து அழகுக்காக வளர்த்தெடுத்த பிராணி. நம் லயத்துப் பூனையோடு இதை ஒப்பிடவே முடியாது. லயத்துப் பூனை எலி பிடிக்கும், கூரையில் தூங்கும், தன்னைத் தானே பார்த்துக்கொள்ளும்.

செந்தூல் அடுக்குமாடி ஒன்றில், பட்டறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற பெரியவர் ஒருவர் இத்தகைய பூனையை வளர்க்கிறார். மாலையானால் அவர் மனைவி இரும்புச் சீப்போடு உட்கார்ந்துவிடுவார். காதுக்குப் பின்னால், அக்குளில், வயிற்றின் அடியில் என்று சிக்கெடுக்கவே அரை மணி நேரம் பிடிக்கிறது. "சார், இது எலி பிடிக்காது. நாம்தான் இதைப் பிடித்து வைத்துத் தினமும் சீவ வேண்டும்" என்றார் பெரியவர் சிரித்தபடி. ஒரு வாரம் விட்டுவிட்டால் ரோமம் கம்பளம் போல முடிச்சுப் போட்டுக்கொள்ளும். தோல் இழுபட்டுப் புண்ணாகும். பிறகு மழித்துவிடுவதுதான் வழி.

அடுத்தது முகம். மூக்கு எவ்வளவு உள்ளே போயிருக்கிறதோ, அவ்வளவு அழகு என்று சிலர் நினைக்கிறார்கள். ஆனால் எலும்பு குறுகும்போது மூச்சுவழியும் குறுகுகிறது. கண்ணீர் இறங்கும் குழாயும் நெளிந்துபோகிறது. அதனால்தான் கண்ணோரம் எப்போதும் ஈரமாய், பழுப்பாய் இருக்கும். தினமும் துடைக்க வேண்டும். பூனைக்கு நம்மைப் போல் உடம்பெல்லாம் வியர்க்காது. பாதத்தின் அடியில்தான் வியர்க்கும். நம் நண்பகல் வெயிலில் தகரக் கூரைக்குக் கீழே இந்தப் பூனை வாயைத் திறந்து இளைத்தால் அது ஆபத்து. காற்றோட்டமும் குளிர்ந்த தரையும் இல்லாத வீட்டுக்கு இது ஏற்றதல்ல.

கண்ணுக்குத் தெரியாத கேடு ஒன்றும் உண்டு. சிறுநீரகத்தில் நீர்க்கட்டிகள் வளரும் பரம்பரை நோய் அது. பல நாடுகளில் நடந்த பழைய ஆய்வுகளில் மூன்றில் ஒரு பங்குக்கும் அதிகமான பாரசீகப் பூனைகளிடம் இது இருந்தது. தாய், தந்தை இருவரில் ஒன்றுக்கு இருந்தாலே குட்டிக்கு வரப் பாதி வாய்ப்பு உண்டு. குட்டியில் ஒன்றும் தெரியாது. பிள்ளைகள் உயிராய்ப் பழகிய பின், நடுவயதில் சிறுநீரகம் கெடும். இதற்குக் காரணமான மரபணுவை 2004-இல் கண்டுபிடித்துவிட்டார்கள். பரிசோதனை உண்டு. ஆகவே விற்பவரிடம் தாய், தந்தை இரண்டின் பரிசோதனைத் தாளையும் கேளுங்கள். வம்சாவளிச் சான்றிதழ் வேறு, உடல்நலச் சான்றிதழ் வேறு. முன்னதைக் காட்டிப் பின்னதை மறைத்தால் ஏமாறாதீர்கள்.

குட்டி பிறந்த இடத்தையும் தாயையும் நேரில் பாருங்கள். குட்டிக்குப் பன்னிரண்டு வாரமாவது ஆகியிருக்க வேண்டும். தடுப்பூசி அட்டை இருக்க வேண்டும். ரோமத்தை விலக்கிப் பாருங்கள்: வட்டமாய் முடி உதிர்ந்திருந்தால் படையாக இருக்கலாம், அது பிள்ளைகளுக்கும் ஒட்டும். மூச்சு விடும் சத்தத்தைக் காது கொடுத்துக் கேளுங்கள். 2015-ஆம் ஆண்டுப் பிராணிகள் நலச் சட்டப்படி, வியாபாரமாக விற்பவர் உரிமம் பெற்றிருக்க வேண்டும். கேட்பது உங்கள் உரிமை; கேட்கக் கூச்சப்படாதீர்கள். அடுக்குமாடியில் இருப்பவர்கள் நிர்வாகத்தையும் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்வது நல்லது.

தோட்டத்தில் இருப்பவர்கள் இன்னொன்றையும் யோசிக்க வேண்டும். களைக்கொல்லி தெளித்த புல்லில் இந்தப் பூனை உரசி வந்தால் நஞ்சு நீள ரோமத்தில் ஒட்டிக்கொள்ளும். பூனை நக்கித்தானே உடம்பைச் சுத்தம் செய்கிறது? நஞ்சு நேரே வயிற்றுக்குப் போய்விடும். ஆகவே இதை வெளியில் விடவே கூடாது.

கணக்கையும் போடுங்கள். 2025-இல் குறைந்தபட்ச மாதச் சம்பளம் 1,700 வெள்ளி. நல்ல வம்சத்துக் குட்டி ஒரு மாதச் சம்பளத்தையே விழுங்கிவிடக்கூடும். அதோடு முடியாது. தீனி, மணல், மருந்து, கருத்தடை எல்லாம் பதினைந்து ஆண்டு வரை தொடரும் செலவு. இன்று ஆறு வயதில் "வேண்டும்" என்று அழும் பிள்ளை, பூனைக்கு வயதாகும்போது கல்லூரிக்குப் போயிருக்கும். அப்போது சீப்பை எடுப்பது யார்? அம்மாதான். அதனால் அம்மாவைக் கேட்காமல் இந்தப் பூனையை வாங்காதீர்கள்.

பிள்ளையின் ஆசையை அணைக்கச் சொல்லவில்லை. அம்பாங்கில் உள்ள பிராணி வதைத் தடுப்புச் சங்கத்தில் வீடில்லாத பூனைகள் காத்திருக்கின்றன; குட்டை ரோமம், திடமான உடம்பு, நம் வெயிலுக்குப் பழகியவை. அவற்றையும் போய்ப் பாருங்கள். அதற்குப் பிறகும் மனம் பாரசீகப் பூனையையே கேட்டால், தினம் அரை மணி நேரம் யார் ஒதுக்குவது என்று வீட்டில் எல்லாரும் உட்கார்ந்து பேசி முடிவெடுங்கள். செந்தூலுக்கு ரயில் தினமும் இருக்கிறது. அடுத்த மாதம்கூடப் போய் வாங்கலாம்.