ஆத்தங்குடிப் பூக்கல் என் அடுப்படிக்கு வந்த கதை

போன வீட்டைக் காலி செய்தபோது, அடுப்புக்குப் பின்னால் இருந்த சுவரைக் காட்டித்தான் வீட்டுச் சொந்தக்காரர் அட்வான்ஸில் வெள்ளையடிக்கும் கூலியைப் பிடித்துக்கொண்டார். நாலு வருஷம் தாளித்த எண்ணெய்ப் பிசுக்கு! தேய்க்கத் தேய்க்கச் சுண்ணாம்புதான் உதிர்ந்தது. புது வீட்டிலோ ஆணி அடிக்கக் கூடாது, டைல்ஸ் ஒட்டக் கூடாது என்று கண்டிப்பு. பிளாஸ்டிக் தாள் ஒட்டலாமென்றால், தீ எரிகிற இடத்தில் எனக்குப் பயம்.

இந்த யோசனையோடுதான் காரைக்குடிக்கு ஒரு கல்யாணத்துக்குப் போனோம். "மதினி, இவ்வளவு தூரம் வந்துட்டு ஆத்தங்குடி பார்க்காமப் போறதா?" என்று நாத்தனார் இழுத்துக்கொண்டு போனாள்.

செட்டிநாட்டுப் பெரிய வீடுகளின் தரையில் பளபளக்கும் பூக்கல் பிறக்கிற ஊர் அது. ஒரு பட்டறைக்குள் நுழைந்தோம். சூளையும் இல்லை, நெருப்பும் இல்லை! கண்ணாடித் துண்டின் மேல் இரும்புச் சட்டம். அதற்குள் பூ அச்சு. சிமெண்டில் கரைத்த சிவப்பு, பச்சை, மஞ்சள் சாயங்களைக் கரண்டியால் ஊற்றி, அச்சை அலுங்காமல் தூக்குகிறார்கள். மேலே சிமெண்டும் மணலும் கலந்த பொடியைத் தூவி, அதற்கு மேல் கலவையைப் போட்டுக் கரணையால் அழுத்துகிறார்கள். காய்ந்ததும் தண்ணீர்த் தொட்டியில் ஊறல். பிறகு மறுபடியும் காய்ச்சல். கண்ணாடியைப் பிரித்தால், அதன் வழவழப்பு அப்படியே கல்லில் இருக்கிறது.

"அடுப்புக்குப் பின்னால் வைக்கலாமா?" என்று கேட்டேன்.

பெரியவர் சிரித்தார். "வைக்கலாம்மா. சூட்டுக்குப் பயமில்லை. புளி, எலுமிச்சம்பழம், ஆசிட் மட்டும் ஆகாது. தெறிச்சா உடனே துடைச்சிடுங்க. அப்பப்போ தேங்காயெண்ணெய் தொட்டுத் துடைச்சா மெருகு ஏறும்."

10 அங்குலச் சதுரத்தில் ஆறு கல் வாங்கினோம். ஒவ்வொன்றும் முக்கால் அங்குல கனம். ஆறும் சேர்ந்து 15 கிலோவுக்கு மேல். பஸ்ஸில் என்னவர் முகம் போன போக்கைச் சொல்ல வேண்டாம்!

ஊருக்கு வந்து, வெல்டிங் பட்டறையில் 30 அங்குல அகலம், 20 அங்குல உயரத்துக்கு இரும்புச் சட்டம் செய்தோம். நடுவில் இரண்டு குறுக்குக் கம்பி வைத்து மூன்று பள்ளங்கள். ஒவ்வொன்றிலும் இரண்டு கல்லை மேலிருந்து இறக்கலாம், தூக்கலாம். சட்டம் சமையல் மேடை மேலேயே நிற்கிறது. முன்னால் சாயாதபடி, மேல் இரண்டு மூலையையும் ஜன்னல் கம்பியோடு இழுத்துக் கட்டியிருக்கிறோம். சுவரில் ஓர் ஆணி இல்லை. கனமான சாமான் என்பதால் இந்தக் கட்டு மிக முக்கியம், சகோதரிகளே. கேஸ் குழாய் சட்டத்தில் நசுங்காமலும் பாருங்கள்.

முதல் மாதமே ஒரு நாள் புளிக்குழம்பு தெறித்ததைக் கவனிக்காமல் தூங்கிவிட்டேன். காலையில் ஒரு கல்லில் வெளுத்த திட்டு! அழுகையே வந்தது. அப்புறம் அந்தக் கல்லைத் தூக்கி ஓரத்துக்கு மாற்றிவிட்டேன். ஒட்டிய டைல்ஸில் இது முடியுமா?

இப்போது சனிக்கிழமைதோறும் கல்லை எடுத்துத் துடைத்து வைப்பது என் மகளின் வேலை. இந்த வீட்டையும் ஒரு நாள் காலி செய்யத்தான் போகிறோம். சுவர் சுத்தமாக அவருக்கு, பூக்கல் எங்களோடு.