மூலையில் இருக்கும் பெயர்

பெர்லின் ஓவியக்கூடத்தில் ‘தங்கத் தலைக்கவசம் அணிந்த மனிதன்’ என்றொரு படம் இருக்கிறது. வயதான ஒருவர் பார்வையைத் தாழ்த்தியிருக்கிறார். முகத்தில் பாதி இருட்டு. கவசம் மட்டும் தகதகக்கிறது. அந்த இடத்தில் வர்ணத்தை அள்ளி அப்பியிருக்கிறார் ஓவியர்; கித்தானிலிருந்து புடைத்து நின்று வெளிச்சத்தை வாங்குகிறது.

1650 வாக்கில் ஹாலந்தில் வரைந்தது. 1897இல் பெர்லினுக்கு வாங்கியபோது ரெம்பிராண்ட் வரைந்ததென்றே எல்லாரும் நம்பினார்கள். ஏறத்தாழ 90 ஆண்டுகள் அந்த ஊரின் செல்லப்பிள்ளையாக இருந்தது. 1980களின் நடுவில், வர்ண அடுக்குகளை நியூட்ரான் கதிர் கொண்டு ஆராய்ந்து, தூரிகை போன போக்கையும் ஒப்பிட்டுப் பார்த்தவர்கள், இது ரெம்பிராண்டின் கை அல்ல என்றார்கள். அவரைச் சுற்றியிருந்த யாரோ ஒருவர். யாரென்று இன்றுவரை தெரியவில்லை.

ரெம்பிராண்டிடம் பணம் கட்டிப் படித்த சீடர்கள் பலர். சீடன் வரைந்ததைக் குரு விற்பது அந்தக் காலத்து வழக்கம். ஃபிளிங்க், போல் முதலிய சீடர்கள் பின்னாளில் தனியே தொழில் செய்து பெயரெடுத்தார்கள். இந்தப் படத்தை வரைந்தவரின் பெயரோ தெரியாமலே போய்விட்டது. போலி ஓவியம் என்று சிலர் இதைச் சொல்லும்போது எனக்கு மனசு பொறுப்பதில்லை. இவர் யாரையும் ஏமாற்றினார் என்பதற்கு என்ன ஆதாரம் இருக்கிறது? பெரிய பெயரை ஒட்டியது பின்னால் வந்தவர்கள்.

எனக்கு இது ஏன் இத்தனை உறுத்துகிறது என்றால், நான் கட்டட வரைபடங்களோடு காலம் கழித்தவன். என்னிடம் ஒரு பையன் வேலை பார்த்தான். மாடிப்படி வரைவதில் அவனுக்கு ஈடில்லை. கோடு முடியும் இடத்தில் பேனாவைச் சற்றே அழுத்தி நிறுத்துவான். டிராயிங்கின் மூலையில் கையெழுத்து என்னுடையது. முறை அதுதான், குற்றம் சொல்ல ஆளில்லை. ஆனால் ஒருமுறை, வீட்டுக்காரர் ஒருவர் படிக்கட்டைத் தடவிப் பார்த்து என் கையைப் பிடித்துக்கொண்டார். அவன் பக்கத்திலேயே நின்றான். “இவன் போட்டது” என்று சொல்ல இரண்டு வார்த்தை போதும். நான் சொல்லவில்லை. அவனும் தலையைக் குனிந்துகொண்டான்.

இப்போது அவன் இல்லை. பழைய டிரேசிங் சுருள்களைப் பரணிலிருந்து இறக்கி, என் கையெழுத்துக்குப் பக்கத்தில் பென்சிலால் அவன் பெயரை எழுதிவருகிறேன். பெரும்பாலானவற்றில் சந்தேகமே எழவில்லை. நாலைந்தில் மட்டும் கை நின்றுவிடுகிறது. கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, ஜன்னலோரம் கொண்டுபோய், கோட்டின் முனையைப் பார்த்துக்கொண்டே இருக்கிறேன்: அவனுடையதா, அவனுக்கு முன் இருந்தவனுடையதா?